அமெரிக்க மரைன் படையைப் படிப்பது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உலகச் செய்திகளைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு அமெரிக்க மரைன் படை புதிதல்ல. ஏதோ ஒரு நாட்டில் தூதரகத்தைக் காலி செய்கிறார்கள் என்றால் மரைன்கள் போவார்கள். ஜப்பான் பக்கத் தீவில் பயிற்சி என்றாலும் அவர்கள்தான். அதிபரின் ஹெலிகாப்டர் படிக்கட்டருகே விறைப்பாக நின்று சல்யூட் அடிப்பவரும் ஒரு மரைன்தான். ஆனால் செய்திக்குள் போனால் '2/1', '31-வது மியூ', 'கன்னரி சார்ஜென்ட்', 'லிட்டரல் ரெஜிமென்ட்' என்று வரிசையாக வந்து விழும். பலர் அந்த இடத்தில் அடுத்த செய்திக்குத் தாவிவிடுவார்கள்.

அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் போதும். கப்பலில் ஏறிப் போய், பின்னாலிருந்து உதவி வருமா என்று தெரியாத கரையில் இறங்கி, கையோடு கொண்டுபோனதை வைத்தே சமாளிக்க வேண்டிய படை இது. பதவி, பிரிவு, எண் என்று விசித்திரமாகத் தெரியும் பலவற்றுக்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. கீழே உள்ள படிகளை வரிசையாகப் படித்தால் அடுத்த முறை செய்தி புரியும்.

படி 1: எங்கே இருக்கிறது இந்தப் படை?

மரைன் படை தரைப்படையின் பிரிவும் அல்ல, கடற்படையின் பிரிவும் அல்ல. தனிப் படை. அதே சமயம் கடற்படைத் துறை என்ற ஒரே நிர்வாகக் கூரையின் கீழ் கடற்படையும் மரைன் படையும் சேர்ந்தே இருக்கின்றன. இரண்டுக்கும் மேலே கடற்படைச் செயலர் என்ற ஒரு சிவிலியன். மரைன் படையின் தலைவருக்கு 'கமாண்டன்ட்' என்று பெயர். நான்கு நட்சத்திர ஜெனரல். அவர் கடற்படைத் தளபதிக்குக் கட்டுப்பட்டவர் அல்ல. செயலரிடம் நேரடியாகப் பதில் சொல்பவர். அமெரிக்க முப்படைத் தளபதிகள் குழுவிலும் அவருக்குத் தனி நாற்காலி உண்டு.

பிறந்த நாள் 1775 நவம்பர் 10. அமெரிக்கா சுதந்திரத்தை அறிவிப்பதற்கு முன்பே, இரண்டு பட்டாலியன் மரைன்களைத் திரட்டச் சொல்லி அன்றைய குடியேற்றங்களின் பிரதிநிதிகள் கூடிய பேராயம் தீர்மானம் போட்டது. சுதந்திரப் போர் முடிந்ததும் படையைக் கலைத்துவிட்டார்கள். 1798-ல் மறுபடி உருவாக்கினார்கள். ஆனாலும் கொண்டாடுவது 1775-ஐத்தான். உலகின் எந்த மூலையில் இருந்தாலும் நவம்பர் 10 அன்று கேக் வெட்டுவார்கள். அங்கே இருப்பவர்களில் மூத்த மரைன் முதலில் சாப்பிட்டு, ஆக இளையவருக்குக் கொடுப்பார்.

அளவில் சிறிய படை. முழுநேரப் பணியில் சுமார் 1,70,000 பேர். அமெரிக்கத் தரைப்படையில் நாலரை லட்சம் பேர் அளவில் இருக்கிறார்கள். ஆனால் இந்தச் சிறிய படைக்குச் சொந்தமாகப் போர் விமானங்கள், ஹெலிகாப்டர்கள், பீரங்கிகள், லாரிகள் எல்லாம் உண்டு. இல்லாதது கப்பல். அதைக் கடற்படை தருகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. நம்மூர் செய்திகளில் 'மார்கோஸ்' வீரர்களை அமெரிக்க மரைன்களோடு ஒப்பிட்டு எழுதுவதைப் பார்க்கலாம். அது பொருந்தாது. மார்கோஸ் இந்தியக் கடற்படையின் சிறப்பு அதிரடிப் படை, 1987-ல் தொடங்கியது. மரைன் படை என்பது ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொண்ட ஒரு முழுப் படை. இந்தியாவில் அப்படித் தனிப் படை கிடையாது. கடலிலிருந்து கரையேறும் வேலைக்கு நம் தரைப்படையிலேயே சில பிரிகேடுகளை ஒதுக்கிப் பழக்குகிறார்கள். திருவனந்தபுரம் பாங்கோட்டில் இருக்கும் 91-வது காலாட்படை பிரிகேட் அதில் ஒன்று. இலங்கையில் மட்டும் 2016-ல் கடற்படைக்குள்ளேயே ஒரு மரைன் பிரிவைத் தொடங்கினார்கள். அதற்கு அமெரிக்க மரைன்கள் திருகோணமலையில் பயிற்சி கொடுத்தார்கள்.

படி 2: வேலை என்ன, ஏன் இப்படி?

சுருக்கமாகச் சொன்னால், கடலிலிருந்து போய் கரையைப் பிடிப்பது. இதற்காகவே 1933-ல் 'ஃப்ளீட் மரைன் ஃபோர்ஸ்' என்று கப்பற்படையோடு செல்லும் ஒரு நிரந்தர அமைப்பை உருவாக்கினார்கள். முதல் உலகப் போரில் துருக்கியின் கலிப்பொலியில் பிரிட்டன் தரப்பு கரையிறங்கிப் பட்ட அடியை வர்ஜீனியாவின் குவான்டிகோ பள்ளியில் வரிவரியாக ஆராய்ந்து, 1934-ல் கரையிறங்குவதற்கான கையேடு ஒன்றையும் எழுதினார்கள்.

ஆனால் இந்தப் படையின் குணத்தைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு சண்டையைப் படிக்க நேரமிருந்தால் குவாடல்கனாலைப் படியுங்கள். 1942 ஆகஸ்ட் 7 அன்று சாலமன் தீவுகளில் ஒன்றான அங்கே முதலாவது மரைன் டிவிஷன் (படி 5-ல் வரும் பெரிய படைப்பிரிவு) கரையிறங்கியது. மறுநாள் இரவு சாவோ தீவருகே ஜப்பானியக் கப்பல்கள் வந்து நேசநாடுகளின் நான்கு குரூசர் கப்பல்களை மூழ்கடித்துவிட்டன. சரக்குக் கப்பல்களை இனியும் அங்கே வைத்திருப்பது ஆபத்து என்று கடற்படை கிளம்பிவிட்டது. சாமான்கள் முழுக்க இறங்கக்கூட இல்லை. கரையில் சுமார் 11,000 மரைன்கள். சாப்பாடு நாளைக்கு இரண்டு வேளையாகக் குறைந்தது, அதிலும் ஒரு பகுதி ஜப்பானியர் விட்டுப்போன அரிசி. ஜப்பானியர் பாதியில் விட்டிருந்த விமானத் தளத்தை, அவர்களுடைய இயந்திரங்களை வைத்தே முடித்தார்கள். ஆகஸ்ட் 20 அன்று மரைன் விமானங்கள் வந்து இறங்கிய பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

கடற்படை போனது சரியா தவறா என்ற வாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. என் பார்வையில், அன்றைக்கு அந்தத் தளபதிகளுக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆனால் மரைன்கள் அதை மறக்கவில்லை. எங்கள் விமானம் எங்களிடமே இருக்க வேண்டும், எங்கள் சரக்கு எங்களோடே வர வேண்டும் என்ற பிடிவாதத்துக்குப் பின்னால் இந்தச் சம்பவம் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், தரைப்படை இருக்கும்போது இன்னொரு படை எதற்கு என்ற கேள்வி வாஷிங்டனில் பலமாக எழுந்தது. கொரியப் போரில் 1950 செப்டம்பரில் இன்ச்சானில் கரையிறங்கிய பிறகு அந்தக் குரல் தணிந்தது. 1952-ல் சட்டமே போட்டுவிட்டார்கள்: மரைன் படையில் குறைந்தது மூன்று டிவிஷனும் மூன்று விமானப் பிரிவும் இருந்தே ஆக வேண்டும். இந்த 'மூன்று' மறுபடி மறுபடி வரும்; நினைவில் வையுங்கள்.

கரையிறங்குவது தவிர வேறு வேலைகளும் உண்டு. உலகெங்கும் அமெரிக்கத் தூதரகங்களின் உள்காவல், ஆபத்தில் சிக்கிய குடிமக்களை வெளியேற்றுவது, புயல் பூகம்பம் வந்தால் நிவாரணம். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையிலும் மரைன்கள் வந்து வேலை செய்தார்கள். அதிபரை ஏற்றிச் செல்லும் ஹெலிகாப்டர் பிரிவும் இவர்களுடையதுதான்.

படி 3: பதவிகளைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள்

புதிதாக வருகிறவர்கள் ஜெனரல், கர்னல் என்று மேலிருந்து தொடங்குவார்கள். இந்தப் படையைப் பொறுத்தவரை அது தப்பான வழி. வேலை நடப்பதெல்லாம் கீழே.

வீரர் பதவிகள் ஒன்பது படிநிலை. சம்பளப் படியை ஒட்டி ஈ-1 முதல் ஈ-9 வரை எண் கொடுத்திருப்பார்கள். பிரைவேட், பிரைவேட் ஃபர்ஸ்ட் கிளாஸ், லான்ஸ் கார்ப்பரல் ஆகிய முதல் மூன்றும் சாதாரண வீரர்கள். லான்ஸ் கார்ப்பரலில் இருந்து சின்னத்தில் குறுக்காக வைத்த இரண்டு துப்பாக்கிகள் சேரும். படையில் எங்கு திரும்பினாலும் இந்த லான்ஸ் கார்ப்பரல்கள்தான் கண்ணில் படுவார்கள். வதந்திகள் பரவுவதும் இவர்கள் வழியாகத்தான் என்று ஒரு பழைய கேலி உண்டு.

அடுத்து கார்ப்பரல், சார்ஜென்ட். இங்கிருந்து 'என்சிஓ', அதாவது மற்றவர்களை வழிநடத்தும் பொறுப்பு தொடங்குகிறது. நீலச் சடங்கு உடையில் கால்சட்டை ஓரமாக ஒரு சிவப்புப் பட்டை ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். கார்ப்பரலுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அது கிடையாது. இருபத்தோரு, இருபத்திரண்டு வயதுப் பையன் கார்ப்பரலாகி இன்னும் மூன்று பேரின் உயிருக்குப் பொறுப்பேற்பது இங்கே சாதாரணம்.

அதற்கு மேலே ஸ்டாஃப் சார்ஜென்ட், பிறகு கன்னரி சார்ஜென்ட். இவரைத்தான் 'கன்னீ' என்று செல்லமாகக் கூப்பிடுவார்கள். ஒரு கம்பெனியில் (படி 5-ல் வரும் படைப்பிரிவு) தோட்டா வந்ததா, தண்ணீர் வந்ததா, சாப்பாடு வந்ததா என்று பார்ப்பவர் இவரே. கேப்டன் திட்டம் போடுவார், அதை நடத்திக் காட்டுவது கன்னீ.

ஈ-8-ல் பாதை இரண்டாகப் பிரியும். புதியவர்கள் அதிகம் குழம்புவதும் இங்கேதான். ஆட்களை நிர்வகிக்கும் பாதையில் போகிறவர் ஃபர்ஸ்ட் சார்ஜென்ட், அதற்கு மேல் சார்ஜென்ட் மேஜர். தொழில்நுட்பத்தில் வல்லவராகத் தொடர்கிறவர் மாஸ்டர் சார்ஜென்ட், அதற்கு மேல் மாஸ்டர் கன்னரி சார்ஜென்ட். சம்பளப் படி ஒன்றே, வேலை வேறு. அடையாளம் காண்பது எளிது: பட்டைகளுக்கு நடுவே வைரம் இருந்தால் ஃபர்ஸ்ட் சார்ஜென்ட், நட்சத்திரம் இருந்தால் சார்ஜென்ட் மேஜர், வெடிக்கும் குண்டு இருந்தால் மாஸ்டர் கன்னரி சார்ஜென்ட். மொத்தப் படைக்கும் ஒரே ஒரு 'மரைன் படையின் சார்ஜென்ட் மேஜர்' உண்டு. கமாண்டன்ட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பார். 1957 முதல் இந்தப் பதவி இருக்கிறது.

கூப்பிடும் முறையிலும் ஒரு கறார். தரைப்படையில் ஸ்டாஃப் சார்ஜென்ட்டையும் 'சார்ஜென்ட்' என்றே கூப்பிட்டுவிடுவார்கள். இங்கே அது நடக்காது. முழுப் பதவியையும் சொல்ல வேண்டும்.

வாரன்ட் ஆபீசர்கள் தனி வகை. குறிப்பிட்ட ஒரு துறையில் பல வருடம் ஊறியவர்கள். நம் ராணுவத்தின் சுபேதார் போன்றவர் என்று நினைத்துவிடாதீர்கள், இரண்டும் ஒன்றல்ல.

அதிகாரிகள் வரிசை நமக்கு ஓரளவு பழக்கமானது: செகண்ட் லெப்டினன்ட், ஃபர்ஸ்ட் லெப்டினன்ட், கேப்டன், மேஜர், லெப்டினன்ட் கர்னல், கர்னல். பிறகு பிரிகேடியர் ஜெனரல், மேஜர் ஜெனரல், லெப்டினன்ட் ஜெனரல், ஜெனரல். இந்த நால்வருக்கும் முறையே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு நட்சத்திரம்.

சின்னங்களில் நம்மூர்க் கண்ணுக்கு இரண்டு பொறிகள் இருக்கின்றன. முதலாவது, நட்சத்திரம். தமிழ்நாட்டில் காவல் ஆய்வாளர் தோளில் மூன்று நட்சத்திரம் இருக்கும். அமெரிக்காவில் மூன்று நட்சத்திரம் என்றால் லெப்டினன்ட் ஜெனரல், பல்லாயிரம் பேருக்குத் தலைவர். இரண்டாவது, தங்கமும் வெள்ளியும். தங்கப் பட்டை வைத்தவர் செகண்ட் லெப்டினன்ட், வெள்ளிப் பட்டை வைத்தவர் அவருக்கு மேலே. மேஜருக்குத் தங்க ஓக் இலை, லெப்டினன்ட் கர்னலுக்கு வெள்ளி ஓக் இலை. வெள்ளிதான் பெரிது.

இன்னொரு குழப்பம்: கடற்படை கேப்டனும் மரைன் கேப்டனும் ஒருவரல்ல. கடற்படை கேப்டன் மரைன் கர்னலுக்குச் சமம். மரைன் கேப்டன் கடற்படை லெப்டினன்ட்டுக்குச் சமம். ஒரே கப்பலில் இரண்டு 'கேப்டன்'கள் பற்றிச் செய்தி வந்தால் எந்தப் படை என்று பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

படி 4: எல்லோரும் ஏன் துப்பாக்கிக்காரர்கள்?

சமையல்காரர், விமானி, வழக்கறிஞர், கணக்குப் பிள்ளை எவரானாலும் முதலில் துப்பாக்கி வீரர் என்பது இந்தப் படையின் கொள்கை. பேச்சோடு நிற்பதில்லை, பயிற்சியே அப்படித்தான் அமைந்திருக்கிறது.

வீரராகச் சேர்கிறவர்கள் தெற்கு கரோலினாவின் பாரிஸ் ஐலண்டிலோ கலிபோர்னியாவின் சான் டியகோவிலோ 13 வாரப் பயிற்சி எடுக்கிறார்கள். கடைசிக் கட்டத்தில் 'க்ரூசிபிள்' என்று 54 மணி நேரச் சோதனை. குறைந்த தூக்கம், குறைந்த சாப்பாடு, முதுகில் சுமையோடு நடை. அதை முடித்த பிறகுதான் கழுகு, பூகோளம், நங்கூரம் சேர்ந்த சின்னத்தைக் கையில் கொடுத்து 'மரைன்' என்று கூப்பிடுவார்கள். அதுவரை வெறும் 'ரெக்ரூட்'. 'நான்' என்றுகூடச் சொல்லக்கூடாது, 'இந்த ரெக்ரூட்' என்றுதான் தன்னைக் குறிப்பிட வேண்டும். காலாட்படைக்குப் போகாதவர்களுக்கும் இதற்குப் பிறகு சில வாரம் களப் போர்ப் பயிற்சி கட்டாயம்.

அதிகாரிகள் குவான்டிகோவில் தயாராகிறார்கள். தேர்வுப் பயிற்சி முடிந்து பதவி ஏற்றதும், ஆறு மாதம் 'தி பேசிக் ஸ்கூல்'. நாளைக்குப் போர் விமானம் ஓட்டப் போகிறவரும் ராணுவ வழக்கறிஞர் ஆகப் போகிறவரும் இங்கே ஒரு காலாட்படை பிளாட்டூனை நடத்தப் பழகுகிறார்கள். கீழே தரையில் நிற்பவனுக்கு என்ன தேவை என்று மேலே பறக்கிறவருக்குத் தெரிந்திருக்கும். என் கணக்கில் இந்தப் படையின் ஆக உருப்படியான ஏற்பாடு இதுதான்.

ஒரு விதிவிலக்கு. மருத்துவ உதவியாளர்கள், மருத்துவர்கள், பாதிரியார்கள் மரைன்கள் அல்ல, கடற்படையினர். களத்தில் மரைன்களோடு ஓடும் மருத்துவ உதவியாளர் 'கார்ப்ஸ்மேன்'. எல்லோருக்கும் அவர் 'டாக்'. இது கீழே ஒரு செய்தியில் உதவும்.

படி 5: மூன்று மூன்றாக அடுக்குங்கள்

ஃபயர் டீம் என்பது நான்கு பேர். தலைவர் பெரும்பாலும் கார்ப்பரல். மூன்று ஃபயர் டீமும் தலைமைக்கு ஒரு சார்ஜென்ட்டும் சேர்ந்தால் ஸ்குவாட், ஆக 13 பேர். (சில ஆண்டுகளாக இந்த எண்ணிக்கையைக் கூட்டிக் குறைத்துச் சோதித்தார்கள், அடிப்படை இதுதான்.) மூன்று ஸ்குவாட் ஒரு பிளாட்டூன், தலைமை ஒரு லெப்டினன்ட். மூன்று ரைஃபிள் பிளாட்டூனும் கனரக ஆயுதப் பிளாட்டூன் ஒன்றும் சேர்ந்து கம்பெனி, தலைமை கேப்டன். மூன்று ரைஃபிள் கம்பெனியோடு ஆயுதக் கம்பெனி, தலைமையகக் கம்பெனி சேர்ந்தால் பட்டாலியன். எண்ணூறு சொச்சம் பேர், தலைமை லெப்டினன்ட் கர்னல். பட்டாலியன்கள் சேர்ந்து ரெஜிமென்ட், அதற்குக் கர்னல். ரெஜிமென்ட்கள் சேர்ந்து டிவிஷன், அதற்கு மேஜர் ஜெனரல்.

ஒவ்வொரு அதிகாரிக்கும் பக்கத்தில் அனுபவமுள்ள ஒரு சார்ஜென்ட் இருப்பதைக் கவனியுங்கள். புதிய லெப்டினன்ட்டுக்கு ஸ்டாஃப் சார்ஜென்ட், கேப்டனுக்கு ஃபர்ஸ்ட் சார்ஜென்ட்டும் கன்னீயும், பட்டாலியன் தலைவருக்கு சார்ஜென்ட் மேஜர். புது லெப்டினன்ட்டுக்கு அதிகாரம் உண்டு, அனுபவம் இல்லை. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் இந்த ஜோடி.

படி 6: '2/1' என்பதை வாசிப்பது எப்படி?

சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது பட்டாலியன், பின்னால் இருப்பது ரெஜிமென்ட். 2/1 என்றால் ஒன்றாவது ரெஜிமென்ட்டின் இரண்டாவது பட்டாலியன். 1/5 என்றால் ஐந்தாவது ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியன். பேச்சில் 'ரெஜிமென்ட்' என்ற சொல்லை விட்டுவிடுவார்கள். 'ஐந்தாவது மரைன்ஸ்' என்று படித்தால் அது ஐந்தாவது ரெஜிமென்ட், டிவிஷன் அல்ல. டிவிஷன் என்றால் 'டிவிஷன்' என்று முழுசாகச் சொல்வார்கள்.

ரெஜிமென்ட் எண்ணை வைத்து டிவிஷன் எண்ணை ஊகிக்கவும் முடியாது. ஒன்று, ஐந்து, ஏழு ஆகிய ரெஜிமென்ட்கள் முதலாவது டிவிஷனில் இருக்கின்றன. அதோடு பதினொன்றாவது ரெஜிமென்ட்டும் உண்டு, ஆனால் அது பீரங்கிப் படை. 1/11 என்று படித்தால் காலாட்படை என்று நினைத்துவிடாதீர்கள்.

கம்பெனிகளுக்கு எழுத்து. முதல் பட்டாலியனுக்கு ஆல்ஃபா, பிராவோ, சார்லி. இரண்டாவதுக்கு எக்கோ, ஃபாக்ஸ், கோல்ஃப். மூன்றாவதுக்கு இந்தியா, கிலோ, லிமா. ஆங்கில வரிசையில் 'ஜே' மட்டும் விடுபட்டிருக்கும். பழைய கையெழுத்தில் 'ஐ'யும் 'ஜே'யும் ஒன்றுபோலத் தெரியும் என்பதால் விட்டார்கள் என்று சொல்வார்கள். ஆக, கம்பெனியின் எழுத்தைச் சொன்னாலே எந்தப் பட்டாலியன் என்று தெரிந்துவிடும்.

சோதித்துப் பார்ப்போம். 1945 பிப்ரவரி 23 அன்று இவோ ஜிமாவின் சுரிபாச்சி மலையில் கொடி ஏற்றிய புகழ்பெற்ற புகைப்படத்தை எல்லோரும் பார்த்திருப்போம். அங்கே மலையேறியது 28-வது மரைன்ஸின் இரண்டாவது பட்டாலியன், 'ஈஸி' கம்பெனி, ஐந்தாவது மரைன் டிவிஷன். இன்றைக்கு எக்கோ என்பதை அன்றைக்கு ஈஸி என்றார்கள். இரண்டாவது பட்டாலியன், அதனால் 'ஈ' எழுத்து. ரெஜிமென்ட் 28, டிவிஷன் 5. எல்லாம் பொருந்துகிறதா?

இன்னொன்று, சமீபத்தியது. 2021 ஆகஸ்ட் 26 அன்று காபூல் விமான நிலையத்தின் ஆபி கேட்டில் தற்கொலைக் குண்டு வெடித்தது. அங்கே மக்கள் கூட்டத்தைச் சமாளித்துக்கொண்டிருந்தவர்களில் 2/1-ன் கோல்ஃப் கம்பெனி மரைன்கள் இருந்தார்கள். இரண்டாவது பட்டாலியன் என்பதால் கோல்ஃப். முதலாவது ரெஜிமென்ட் என்பதால் கலிபோர்னியாவின் கேம்ப் பெண்டில்டன்காரர்கள் என்று ஊகிக்கலாம். இறந்த 13 அமெரிக்கப் படையினரில் 11 பேர் மரைன்கள், ஒருவர் தரைப்படை, ஒருவர் கடற்படை. மரைன்கள் நடுவே கடற்படைக்காரர் எப்படி வந்தார் என்று கேட்டவர்கள் உண்டு. அவர் அவர்களுடைய கார்ப்ஸ்மேன்.

படி 7: 'மேக்-டாஃப்' என்ற பொட்டலம்

இதுவரை பார்த்தது ஆட்களை வளர்க்கும் அமைப்பு. வெளியே அனுப்பும்போது வேறு விதமாகக் கட்டுவார்கள். அந்தக் கட்டுமானத்தின் பெயர் சுருக்கமாக 'மேக்-டாஃப்' (மரைன் ஏர்-கிரவுண்ட் டாஸ்க் ஃபோர்ஸ்). நான்கு பகுதிகள்: தலைமை, தரைப் போர்ப் பிரிவு, விமானப் பிரிவு, சரக்குப் பிரிவு. நான்கும் ஒரே தளபதியின் கீழ். குவாடல்கனாலை நினைத்துக்கொண்டால் ஏன் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்று அளவுகளில் வரும். செய்தியில் அடிக்கடி வருவது ஆகச் சிறியதான 'மியூ' (மரைன் எக்ஸ்பெடிஷனரி யூனிட்). சுமார் 2,200 பேர், தலைமை ஒரு கர்னல். ஒரு காலாட்படை பட்டாலியனை எடுத்து, அதில் பீரங்கி, கவச வண்டி, பொறியாளர்களைச் சேர்ப்பார்கள். அதற்குப் பெயர் பட்டாலியன் லேண்டிங் டீம். கூடவே ஹெலிகாப்டர் போல எழும்பி விமானம் போலப் பறக்கும் ஆஸ்ப்ரே, ஹெலிகாப்டர், செங்குத்தாக இறங்கும் எஃப்-35பி விமானம் கொண்ட ஒரு விமானப் பிரிவு, ஒரு சரக்கு பட்டாலியன். எல்லாவற்றையும் வழக்கமாக மூன்று கப்பல்களில் ஏற்றி மாதக்கணக்கில் கடலில் வைத்திருப்பார்கள். 15 நாளுக்குத் தேவையான பொருள் கையிலேயே இருக்கும்.

மியூ ஏழு உண்டு. 11, 13, 15 மேற்குக் கரை. 22, 24, 26 கிழக்குக் கரை. 31 ஜப்பானின் ஒகினாவா. 31-வது மட்டும் நிரந்தரமாக வெளிநாட்டிலேயே இருக்கிறது. தைவான், பிலிப்பைன்ஸ் பக்கம் ஏதாவது நடந்தால் இதன் பெயர் முதலில் வருவது இதனால்தான். எண்ணை மனப்பாடம் செய்துகொண்டால், '24-வது மியூ கிளம்பியது' என்று படித்தவுடனே வடக்கு கரோலினாவிலிருந்து அட்லான்டிக் பக்கமாகப் போகிறது என்று புரியும்.

நடு அளவு பிரிகேட். அதற்குப் பிரிகேடியர் ஜெனரல் தலைமை, 30 நாள் சரக்கு. ஆகப் பெரியது 'மெஃப்' (மரைன் எக்ஸ்பெடிஷனரி ஃபோர்ஸ்). லெப்டினன்ட் ஜெனரல் தலைமை, 60 நாள் சரக்கு, பல்லாயிரம் பேர். ரோமன் எண்ணில் ஒன்று, இரண்டு, மூன்று என எழுதுவார்கள். ஒன்றாவது மெஃப் கேம்ப் பெண்டில்டனில், இரண்டாவது வடக்கு கரோலினாவின் கேம்ப் லெஜூனில், மூன்றாவது ஒகினாவாவில். ஒவ்வொரு மெஃப்புக்குள்ளும் ஒரு டிவிஷன், ஒரு விமானப் பிரிவு, ஒரு சரக்குப் பிரிவு. 1952 சட்டத்தின் மூன்று டிவிஷனும் மூன்று விமானப் பிரிவும் இப்படித்தான் பிரிந்து உட்கார்ந்திருக்கின்றன. நான்காவது டிவிஷனும் உண்டு, அது நியூ ஆர்லியன்ஸைத் தலைமையகமாகக் கொண்ட ரிசர்வ் படை.

படி 8: பழைய புத்தகங்களை நம்பும்முன் 2020-ஐப் பாருங்கள்

2020 மார்ச்சில் அப்போதைய கமாண்டன்ட் டேவிட் பெர்கர் 'ஃபோர்ஸ் டிசைன் 2030' என்று ஒரு திட்டத்தை வெளியிட்டார். டாங்குகள் மொத்தமும் வேண்டாம், பீரங்கிகளில் பெரும்பகுதி வேண்டாம், காலாட்படை பட்டாலியன்களும் குறையட்டும், பதிலுக்கு ஏவுகணையும் டிரோனும் வேண்டும் என்றார். சீனாவை மனதில் வைத்து எழுதியது. ஓய்வுபெற்ற ஜெனரல்கள் பலர் வெளிப்படையாகவே எதிர்த்தார்கள். எல்லா விதச் சண்டைக்கும் தயாராக இருந்த படையை ஒரே கடலுக்கு, ஒரே எதிரிக்கு ஏற்றபடி வெட்டுகிறீர்கள் என்பது அவர்கள் வாதம். அந்தக் கவலையில் நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. இருந்தாலும் டாங்குகள் போய்விட்டன, திரும்பி வரப்போவதில்லை. எனவே மரைன் டாங்க் பட்டாலியன் பற்றிப் பழைய கட்டுரையில் படித்தால் அது வரலாறு. எட்டாவது மரைன்ஸ் ரெஜிமென்ட்டின் கொடியையும் 2021-ல் மடித்து வைத்துவிட்டார்கள்.

இந்தத் திட்டத்தில் பிறந்ததுதான் லிட்டரல் ரெஜிமென்ட், அதாவது கரையோரப் போருக்கான ரெஜிமென்ட். இதுவும் கர்னல் தலைமையில் சுமார் 2,000 பேர். உள்ளே மட்டும் பழைய 'மூன்று பட்டாலியன்' கணக்கு இல்லை. ஒரு காலாட்படை பட்டாலியனோடு கப்பலைத் தாக்கும் ஏவுகணைப் பிரிவு, ஒரு வான்பாதுகாப்பு பட்டாலியன், ஒரு சரக்கு பட்டாலியன். மேக்-டாஃப்பின் கணக்கை ரெஜிமென்ட்டுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார்கள். சிறு சிறு குழுக்களாகத் தீவுகளில் பரவி, ஓட்டுநர் இல்லாத வண்டியிலிருந்து கப்பலை நோக்கி ஏவுகணை விடுவது இவர்கள் வேலை. பழைய மூன்றாவது மரைன்ஸ் 2022-ல் ஹவாயில் மூன்றாவது லிட்டரல் ரெஜிமென்ட் ஆனது. ஒகினாவாவில் இருந்த பன்னிரண்டாவது மரைன்ஸ், பீரங்கி ரெஜிமென்ட்டாக இருந்தது, 2023-ல் மாறியது. 2025 ஏப்ரலில் பிலிப்பைன்ஸின் படானஸ் தீவுகளுக்கு, தைவானுக்கு நேர் தெற்கே, அந்த ஏவுகணை வண்டிகளைப் பயிற்சிக்குக் கொண்டுபோனார்கள்.

இனி இப்படி ஒரு செய்தி வந்தால் வரிசையாக நான்கு கேள்வி கேளுங்கள். எண் எதனுடையது, பட்டாலியனா ரெஜிமென்டா மியூவா? தலைமையில் இருப்பவரின் பதவி என்ன? (கர்னல் என்றால் இரண்டாயிரம் பேர் அளவு, லெப்டினன்ட் ஜெனரல் என்றால் ஒரு மெஃப்.) எந்தக் கரையிலிருந்து கிளம்பியது? விமானமும் சரக்கும் கூடவே போகின்றனவா? கடைசிக் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால், பெரும்பாலும் அது தூதரகக் காவலுக்கோ குறுகிய காலப் பயிற்சிக்கோ போகும் சின்னக் குழுவாகத்தான் இருக்கும்.